மோதலில் கண்ணை எங்கே வைப்பது?

கறுப்புப் பனியனில் ஒன்பது பொட்டு, தனக்கா மரப்பட்டைக் குழம்பு. தாத்தா அதை விரித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். தோளில் மூன்று, இடது விலாவில் ஐந்து, நடு நெஞ்சில் ஒன்று. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பர்மாவில் பெகுப் பக்கம் எங்கள் ஊர். அறுப்பு முடிந்த களத்துமேடுதான் சிலம்பக்கூடம். கம்பு நுனியில் கந்தல் சுற்றி, கல்லில் அரைத்த தனக்காவில் முக்கித் தருவார். அடி பட்டதா இல்லையா என்று பையன்கள் வாக்குவாதம் செய்ய வழியே இல்லை, பொட்டு சொல்லிவிடும். பெண்கள் கன்னத்தில் பூசுகிற அந்த வெளிர்மஞ்சள் குழம்பு கறுப்புத் துணியில் விழுந்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

"எங்கடா பாத்துக்கிட்டு நின்ன?"

"கம்பு நுனியத்தான் தாத்தா. கண்ணையே எடுக்கல."

"அதான் ஒம்பது. கம்பப் பாக்காத. கம்பு பிடிச்சவனப் பாரு."

அந்த ஒரு வரி எனக்கு முழுசாகப் பிடிபட இருபது வருசம் ஆனது. பிடித்தவனைப் பார் என்றால் அவனிடம் எதைப் பார்ப்பது? முகத்தையா, மணிக்கட்டையா, காலையா? தாத்தாவிடம் திருப்பிக் கேட்கிற தைரியம் அன்றைக்கு இல்லை. இப்போது யாங்கோனில் ஞாயிறு காலைகளில் கோயில் வளாகத்தில் நம் பிள்ளைகளுக்குக் கம்பும் கைச்சண்டையும் சொல்லித் தருகிறேன். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் எல்லாப் பிள்ளையும் இதையேதான் கேட்கிறது. அடியையும் தடுப்பையும் கால்சுவட்டையும் செய்து காட்டிவிடலாம். பார்வையை எப்படிச் செய்து காட்டுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

கையை நேராக நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் துல்லியமாகப் பார்க்கிற இடம் ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான். 2 பாகை அளவு. மற்றதெல்லாம் ஓரப்பார்வை. அதில் எழுத்து படிக்க முடியாது, ஆள் அடையாளம் பிடிபடாது. அசைவு மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டு கண்ணும் சேர்ந்தால் அந்த ஓரப்பார்வை பக்கவாட்டில் 180 பாகை வரைக்கும், அதற்குச் சற்று மேலும்கூட விரியும். இவ்வளவு பெரிய வயலை விட்டுவிட்டு நகமளவு இடத்தால் கம்பு நுனியைத் துரத்தினேன் நான்.

துரத்தும்போது இன்னொன்றும் நடக்கிறது. அவ்வளவு வேகமாகப் போகிற ஒன்றின் பின்னால் கண் வழுக்கிக்கொண்டு போக முடியாது. தாவித் தாவித்தான் போகும். தாவுகிற அந்தத் துளி நேரத்தில் மூளை படத்தை வாங்குவதில்லை. நம்ப முடியவில்லை என்றால் நிலைக்கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் விழி நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். நுனியைத் துரத்துகிறவன் தாவலுக்குத் தாவல் சற்றுக் குருடாகிறான்.

கண் கண்டபின் கை கிளம்ப ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் வீசிய கம்பு விலாவுக்கு வந்துவிடும். ஆகவே கிளம்பியதைப் பார்த்துத் தடுப்பது பாதி நேரம் நடக்காத காரியம். கிளம்பப்போவதைப் பார்க்க வேண்டும். நுனி அசைவதற்கு முன் மணிக்கட்டு அசையும். அதற்கு முன் முழங்கை, அதற்கு முன் தோள், எல்லாவற்றுக்கும் முன் இடுப்பு. நுனிக்கு வேகம் அதிகம், வேருக்கு வேகம் குறைவு. சேதி முதலில் வருவது வேரில்தான்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது கம்பால் அல்ல, கைமுட்டியால். பத்தொன்பது வயதில் பிழைப்புக்காக யாங்கோன் வந்து, பர்மிய மரபுச் சண்டையான லெத்வெய் சொல்லித் தரும் ஒரு கூடத்தில் சேர்ந்தேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: லெத்வெயில் கையுறை கிடையாது. துணிப்பட்டியும் ஒட்டுநாடாவும் சுற்றிய வெறுங்கை. கை இரண்டு, முழங்கை இரண்டு, முழங்கால் இரண்டு, பாதம் இரண்டு, ஒன்பதாவதாகத் தலை, நெற்றியால் முட்டலாம். பழைய முறைப்படி மூன்று நிமிடச் சுற்று ஐந்து. இருவரும் கடைசிவரை தாக்குப்பிடித்தால் சமம், புள்ளிக் கணக்கே கிடையாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பர்மாவுக்காகக் குத்துச்சண்டை ஆடிய சயா (பர்மிய மொழியில் ஆசான்) கியார் பா ஞெய்ன்தான் இந்த ஆட்டத்தின் இன்றைய விதிகளுக்கு ஒழுங்கு கொடுத்தவர். தெய்ன் பியூ அரங்கில் இன்றைக்கும் இசைக்குழு வாசிக்க, ஆட்டக்காரர்கள் மடக்கிய கையில் அறைந்து அழைப்பு விடுப்பதைப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இங்கே தெருவுக்குத் தெரு சின்லோன் ஆடுவார்கள். பிரம்புப் பந்தைச் சுற்றி வட்டமாக நின்று காலால் தட்டுகிற ஆட்டம். அங்கே பந்து ஒன்று. எல்லார் கண்ணும் பந்தின் மேல். லெத்வெயில் ஒன்பது பந்து. ஒன்றைப் பார்த்தால் மிச்சம் எட்டில் ஏதோ ஒன்று வந்து விழும். நான் கையைப் பார்த்தேன். தொடையில் உதை விழுந்து மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. சரி என்று காலைப் பார்த்தேன். கழுத்து தானாகக் குனிந்தது, நெற்றிப்பொட்டில் குத்து விழுந்தது. நம் பார்வை மேல்நோக்கி 60 பாகை, கீழ்நோக்கி 70 பாகை அளவுதான் விரியும். குனிந்து நிற்கிறவனுக்கு மேலிருந்து வருவது தெரியவே தெரியாது.

கூடப் பழகினவன் ஒருவன் கண்ணைப் பார்க்கச் சொன்னான், கண் பொய் சொல்லாது என்றான். மோதலில் கண் நன்றாகப் பொய் சொல்லும். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் என் இடது முழங்காலை ஒரே ஒரு முறை பார்த்தார். என் பார்வையும் உடம்பின் பாரமும் சேர்ந்தே அங்கே போயின. அவருடைய வலது முழங்கை என் புருவத்தில் இறங்கியது. நான்கு தையல். எதிரில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நாமும் பார்ப்பது கைக்குழந்தையிலிருந்தே நமக்கு வந்த பழக்கம்; அதை மோதலில் சட்டென்று நிறுத்திவிட முடியாது. கண்ணோடு கண் வைத்தால் அவனுடைய கோபமும் நமக்குள் வந்துவிடும். மிரட்டத் தெரிந்தவனுக்கு அது ஒன்றே போதும். கண்ணைப் பார்த்து ஆடி ஜெயித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

எங்கள் சயா அதிகம் பேச மாட்டார். புருவத் தையல் பிரித்து நான் திரும்பி வந்த அன்று, தன் மார்பில் கையால் தட்டி "யின்பட்" என்றார். பர்மிய மொழியில் மார்பு. பிறகு என்னைக் கூடத்தின் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து தூரத்தில் ஷ்வேடகோன் புத்த பகோடா தெரியும். எனக்கும் பகோடாவுக்கும் நடுவில் ஒருவனை நிறுத்தினார்.

"பகோடாவப் பாரு. அவன் வழியா பகோடாவப் பாரு."

பார்த்தேன். பகோடாவில் கண் தங்கியதும் முன்னால் நின்றவன் விளிம்பு கரைந்த உருவமாக ஆனான். அவன் இடது தோள் அசைந்தது தெரிந்தது. வலது குதிகால் தரையை விட்டு எழும்பியதும் தெரிந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். எதையும் தேடிப் போகவில்லை, வந்து சேர்ந்தன. "இப்போ கண்ண மாத்தாம எறக்கு," என்றார். அதாவது பார்வையின் அந்தத் தளர்வு அப்படியே இருக்க, இடத்தை மட்டும் பகோடாவிலிருந்து அவன் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். முதல் நாள் முடியவில்லை. மார்புக்கு வந்ததுமே கண் அவன் சட்டைத் துணியைப் படிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு வாரம் பிடித்தது. ஜப்பானிய வாள்பயிற்சியான கெண்டோவிலும் இதையே தொலைமலையைப் பார்ப்பதுபோலப் பார் என்று சொல்லித் தருகிறார்கள், 'என்சான் நோ மெட்சுகே' என்று பெயர் என்பதைப் பல வருசம் கழித்துத்தான் அறிந்தேன். அங்கே மலை, எங்களுக்குப் பகோடா.

ஆக, எந்த இடம்? தொண்டைக்குழிக்குக் கீழே, நெஞ்செலும்பின் மேல்பாதி. அங்கே கண்ணை வைத்தால் இரண்டு தோளும் இடமும் வலமுமாக நிற்கும். மேலே முகவாய் தெரியும், கீழே இடுப்பும் முழங்காலும் தெரியும். குத்து வருமுன் தோள் முன்னால் வரும் அல்லது இறங்கும். சுழன்று வருகிற உதைக்கு முன் இடுப்பு திரும்பும், ஊன்றிய காலின் குதிகால் திரும்பும். நேர் உதைக்கு முழங்கால் எழும்பும். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிற திண்ணை அந்த நெஞ்சு. கராத்தே ஆட்டக்காரர்களின் விழி நகர்வைக் கருவி வைத்து அளந்த ஆய்வுகளும் இதையொட்டித்தான் சொல்கின்றன: தேர்ந்தவர்களின் பார்வை தலையிலும் மார்பிலுமே பெரும்பாலும் தங்குகிறது, பதற்றம் கூடினால் விழி அங்குமிங்கும் அலைகிறது. ஆள் உங்களைவிட ரொம்ப உயரம் என்றாலும் மார்பிலேயே இருங்கள். அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தால் உங்கள் முகவாயைத் தூக்கிக் கொடுத்ததாகிவிடும்.

எனக்குக் கிட்டப்பார்வை. நான்கு பவர் கண்ணாடி. மோதலுக்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் அதை நினைத்து ரொம்ப வருத்தப்பட்டேன். பாதிக் குருடனாக என்ன ஆடப்போகிறேன் என்று. நடந்தது வேறு. கண்ணாடி இல்லாதபோது எதிரில் நிற்பவர் முகம் எனக்குக் கலங்கித் தெரிந்தது. அவர் முறைப்பது தெரியவில்லை, சிரிப்பது தெரியவில்லை, கண்ணால் காட்டுகிற பொய்யும் தெரியவில்லை. உருவமும் அசைவும் மட்டும் இருந்தன. மங்கல் அசைவை மறைக்கவில்லை. கிரிக்கெட் மட்டையாளர்களுக்கு மங்கலாக்கும் வில்லை மாட்டி ஆட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓரளவு மங்கல் வரை அவர்கள் ஆட்டம் குறையவில்லை. தாத்தா எங்களை அந்திக் கருக்கலில் கம்பு பிடிக்க வைத்ததன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது. அந்த வெளிச்சத்தில் கம்பு தெரியாது. வானத்தை முதுகில் வைத்து நிற்கிறவனின் தோள்கோடு மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்த நேரத்தில் எனக்குப் பொட்டு எப்போதும் குறைவாகத்தான் விழும். இருட்டில் எல்லாரும் மெதுவாக ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூரம் மாறினால் பார்வையும் மாற வேண்டும். உதைக்கும் எட்டாத தூரத்தில் ஆளை முழுசாகப் பார்க்கலாம், பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது, எந்தப் பக்கம் பாரம் என்று கவனிக்கலாம். அங்கே நேரம் இருக்கிறது. எட்டுகிற தூரத்துக்குள் வந்துவிட்டால் நெஞ்சுதான், வேறு பேச்சே இல்லை. கட்டிப்பிடித்துவிட்டால் கண்ணுக்கு வேலை குறைவு. அவன் முன்கை என் கழுத்தில் எப்படி அழுத்துகிறது, எந்தப் பக்க இடுப்பு விலகுகிறது என்பதைத் தோல்தான் சொல்லும். விலகிய இடுப்பிலிருந்துதான் முழங்கால் வரும். கழுத்தை இழுத்துக்கொண்டே முகவாயை உள்ளே மடக்குகிறான் என்றால் நெற்றி வருகிறது. உடம்பே கண்ணாக வேண்டும் என்று கேரளத்துக் களரியில் சொல்வார்கள்; கட்டிப்பிடித்த நிலையில் அது அப்படியே உண்மை. அதைவிட ஆபத்தானது பிடி விடுகிற கணம். அப்பாடா என்று கண் தரைக்குப் போகும், அல்லது நடுவரைப் பார்க்கும். நான் வாங்கிய மோசமான அடிகளில் இரண்டு அந்தக் கணத்தில் வந்தவை. பிடி விட்டதும் கை முகத்துக்கு, கண் அவன் நெஞ்சுக்கு, மூச்சு அப்புறம்.

தோளும் பொய் சொல்லுமே என்று கேட்பீர்கள். சொல்லும். நல்ல ஆட்டக்காரன் தோளை மட்டும் சிலுப்பி நம்மைக் கிளப்பிவிடுவான். ஆனால் பொய்யடியில் தோள் வரும், இடுப்பு வராது. பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறாமல் கனமான அடி எதுவும் வராது. தோள் ஒரு சேதியும் இடுப்பு ஒரு சேதியும் சொன்னால் இடுப்பை நம்புங்கள். இதை வாயால் சொல்லிவிட்டேன். உடம்புக்குப் போக எத்தனையோ மாலைகள் வேண்டும். சிலம்பத்திலும் இதே கதைதான்: மணிக்கட்டால் மட்டும் சுழற்றுகிற கம்பு அலங்காரம், இடுப்போடு வருகிற கம்பு அடி.

இவ்வளவும் அடி வாங்காமல் இருக்க. அடிக்கும்போது நம் கண் நம்மைக் காட்டிக்கொடுக்கிறதே, அதை நான் ரொம்பக் காலம் கவனிக்கவில்லை. என் தாழ்ந்த உதையை எல்லாரும் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் கூட்டாளியின் முதுகுப்பக்கம் ஒரு ஸ்டூலில் செல்போனை நிறுத்தி, என் முகம் விழும்படி படம் பிடித்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு உதைக்கும் முன் என் கண் அவன் தொடைக்கு இறங்கி ஏறுகிறது. ஒரு தடவை தவறாமல். என் தங்கை மகள் பரதம் படிக்கிறாள்; கை போகிற வழியில் கண் போக வேண்டும் என்பது அவர்கள் பாடம். நாட்டியத்தில் அதுதான் உயிர். மோதலில் கையையும் கண்ணையும் கட்டியிருக்கிற அந்தக் கயிற்றை அறுத்தாக வேண்டும். நெஞ்சைப் பார்த்துக்கொண்டே தொடையை உதைக்க முடியும். தொடை எங்கேயும் போய்விடாது. செல்போன் இருக்கிற எல்லாரும் இந்தப் படத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கண் எங்கே போகிறது, எப்போது மூடுகிறது இரண்டும் தெரியும்.

மூடுவது பற்றி. முகத்துக்கு நேராக எது வந்தாலும் இமை மூடத்தான் செய்யும். கண்ணைக் காக்க உடம்பு செய்கிற வேலை அது, கோழைத்தனம் இல்லை. அதற்காகப் பிள்ளைகளை அதட்டுகிற ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் பார்வை குழாய்க்குள் பார்ப்பதுபோல ஒடுங்கும். நான் செய்வது இது: மெத்தென்ற கையுறையை முகத்துக்கு ஒரு சாண் தூரம் வரை மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்துவேன், அவர்கள் மூச்சை வாயால் நீளமாக விட வேண்டும். வாரத்துக்கு வாரம் வேகம் கூடும், தூரம் குறையும். கடைசியில் நெற்றியைத் தொடும் அளவு. மூடிய இமை சட்டென்று திறக்கப் பழகினால் போதும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் எங்கள் சயா எங்களைத் தூரத்துக் கூரை விளக்கைப் பார்க்கச் சொல்வார். நான்காவது சுற்றில் ஒடுங்கிப்போன பார்வை அதில் திரும்ப விரியும்.

ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் நெற்றி மோதியபின் என் வலது கண் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டியது; பார்வையில் கொசுக்கூட்டம்போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. இரண்டு நாள் சும்மா விட்டேன், பயிற்சிக்கும் போனேன். மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் போனால், விழித்திரை ஓரத்தில் சின்னக் கிழிசல். லேசர் வைத்து அடைத்தார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் விழித்திரையே கழன்றிருக்கலாம் என்றார். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். மின்னல், திடீர்ப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற நிழல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அதன்பிறகு நான் தலைமுட்டு உள்ள மோதலை விட்டேன். கண்ணாடி போடுகிற பிள்ளை வகுப்பில் சேர்ந்தால் முதலில் கண்ணைச் சோதித்துவிட்டு வரச் சொல்கிறேன்.

ஞாயிறு வகுப்பில் தொடக்கப் பாடம் அடியே இல்லாத ஆட்டம். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் ஏதாவது ஒரு கையையோ காலையோ மெதுவாக அசைப்பார். மற்றவர் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்ல வேண்டும். இடது வலது என்றுதான் நான் சொல்லித் தருவேன். அவசரத்தில் பிள்ளைகள் வாயில் "பே!", "ஞா!" என்று பர்மியச் சொல்தான் வருகிறது. வரட்டும். வீட்டில் தனியாகச் செய்ய வேறொன்று: சுவரில் ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கட்டைவிரல்களை ஆட்டியபடியே பக்கவாட்டில் விரிப்பது. விரல் அசைவு மறைகிற இடம் வரை போய்த் திரும்புவது. தெய்ஞ்சி சந்தைக் கூட்டத்தில் யார் மேலும் இடிக்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், தெருமுனையில் கண் வைத்து நடக்கச் சொல்வதும் உண்டு. அதை அவர்கள் விளையாட்டாகவே செய்கிறார்கள்.

போன வாரம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தன் அண்ணனோடு கம்பு பிடித்தாள். தனக்கா முக்கிய நுனிதான். அண்ணன் அவளைவிட ஒரு முழம் உயரம், கையும் நீளம். முடிந்ததும் பார்த்தேன்: அவள் சட்டையில் இரண்டே பொட்டு.

"எங்கம்மா பாத்த?"

"மொதல்ல அண்ணன் சட்டைப் பித்தானப் பாத்தேன் மாமா. அப்புறம் அதுவும் தெரியல. அண்ணன் மட்டும்தான் தெரிஞ்சான்."

அவள் அண்ணனை அடுத்த ஞாயிறு இடக்கைக்கு மாறி ஆடச் சொல்லியிருக்கிறேன்.